பக்கத்து வீட்டுக் குரல்

வெயிலுமுத்து பம்பாயில் முதன்முதலாக மைக் முன்னால் உட்கார்ந்து ஹாக்கி வர்ணனை சொன்ன சாயங்காலம், உப்போடை ஊர்க்காரர்கள் ஆட்டம் முடிந்து டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவன் குரல் நிற்கவில்லை. அதே குரல், அதே செந்தமிழ், அதே ஏற்ற இறக்கம். ஆனால் இப்போது அது இந்திய அணியைப் பற்றிப் பேசவில்லை.

"இதோ, மேலத்தெரு உலகம்மாள் தன் காப்பிக் கடையைச் சாத்துகிறார். முதல் பலகை உள்ளே போய்விட்டது. இரண்டாவது பலகை சற்று முரண்டு பிடிக்கிறது. விடவில்லை உலகம்மாள், இடுப்பால் ஒரு தள்ளு... ஆகா, போய்விட்டது! என்ன ஒரு அனுபவம்!"

உலகம்மாள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் இன்னும் டிவி ஓடுகிறது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரனோ, குரல் உலகம்மாள் கடையிலிருந்து வருகிறது என்று நினைத்தான். ஊர் முழுக்க அப்படித்தான். யார் காதுக்கும் அது தன் வீட்டிலிருந்து வரவில்லை, எல்லோருக்கும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது. மறுநாள் காலையில் மின்சார வாரியத்து ஆள் கம்பத்தில் ஏறிக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, லைனில் கோளாறு ஒன்றும் இல்லை, மீட்டரிலும் ஏறவில்லை என்று சொல்லி இறங்கினார். அவர் இறங்குவதையும், ஏணியின் கடைசிப் படியில் செருப்பு நழுவியதையும் குரல் சொன்னது. அவர் வெட்கத்தோடு சிரித்தார். பூசாரியும் பாஸ்டரும் ஆளுக்கொரு நாள் வந்து கேட்டுவிட்டு, கெட்டதாக ஒன்றும் பேசக் காணோமே என்று தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். அதோடு உப்போடை அந்தக் குரலை ஏற்றுக்கொண்டது, தண்ணீர் லாரி வருவதை ஏற்றுக்கொண்டதுபோல, தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதுவதை ஏற்றுக்கொண்டதுபோல.

ஏற்றுக்கொள்ளாதவன் ஒருத்தன்தான். குருபாதம்.

குருபாதத்தைப் பற்றிச் சொல்லாமல் வெயிலுமுத்துவைப் பற்றிச் சொல்ல முடியாது. கரிசல் வெடித்துக் கிடக்கும் கண்மாய்ப் பொட்டலில், வளைந்த கருவேலங்கம்பை மட்டையாகப் பிடித்து ஹாக்கி ஆடிய காலத்திலிருந்தே ரெண்டு பேரும் ஜோடி. குருபாதம் இடது பக்கம், வெயிலுமுத்து நடுவில். பந்து குருபாதத்திடமிருந்து கிளம்பும், வெயிலுமுத்துவின் மட்டையில் முடியும். அந்தப் பந்தோடு சேர்ந்து குருபாதத்தின் பேச்சும் கிளம்பும். ஓடிக்கொண்டே பேசுவான், மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவான், எதிராளி காலை வாரிவிட, விழும்போதுகூட விழுந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே விழுவான். வெயிலுமுத்து வாயே திறக்க மாட்டான். பசித்தாலும் தட்டைத்தான் தட்டுவான், சோறு போடு என்று கேட்க மாட்டான் என்று அவன் அம்மா சொல்லுவாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரே வாயைக் கொடுத்துவிட்டான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ரெண்டு பேருக்கும் தேசிய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது. முகாம் முடிய இருந்த நேரத்தில் குருபாதத்தின் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. அவன் ரயிலேறி ஊருக்கு வந்தான், வெயிலுமுத்து விமானம் ஏறி ஒலிம்பிக்குக்குப் போனான். இறுதி ஆட்டத்தன்று, ஊருக்குள் மைக்செட் வைத்திருந்த குருபாதம், உலகம்மாள் கடை டிவி முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, டிவியில் இந்தியில் சொன்னதைப் பொருட்படுத்தாமல் தானே தமிழில் ஊருக்கு வர்ணனை சொன்னான். வெயிலுமுத்து வெற்றிக் கோலை அடித்தபோது குருபாதம் கத்திய கத்தில் குழாய் ஒலிபெருக்கி ஒன்று பிய்ந்தே போனது. அந்த நொடியில் அவன் பட்ட சந்தோஷம் பொய்யில்லை. அடுத்த நொடி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அவன் ஒருவழியாகச் செரித்துக்கொண்டான். மாலை, ஊர்வலம், யானை, அமைச்சர், ரயில்வேயில் பெரிய வேலை, நாற்சந்திக்கு வெயிலுமுத்துவின் பெயர், அந்தப் பெயர்ப் பலகையைத் திறந்த விழாவுக்குத் தன் மைக்செட்டே வாடகைக்குப் போனது, எல்லாவற்றையும். காலுக்குக் கிடைக்க வேண்டியது கால் இருந்தவனுக்குக் கிடைத்தது என்று மனைவி செண்பகவள்ளியிடம் சொல்லிக்கொள்வான். ஆனால் வெயிலுமுத்து ஓய்வு பெற்ற பிறகு, தமிழில் வர்ணனை சொல்லப் பதக்கம் வாங்கிய முகம் ஒன்று வேண்டும் என்று பம்பாய்த் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவனும் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, குருபாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"காலுதான் அவனுக்குன்னு ஆயிருச்சு. வாயுமா? அவன் என்னத்தப் பேசுவான்? கோலு போட்டா, 'ம்' னு சொல்லுவானா?"

"உங்களுக்கு எதுக்குங்க அது? நீங்க சாப்பிடுங்க" என்றாள் செண்பகவள்ளி.

அவன் சாப்பிடவில்லை. முதல் ஆட்டத்தில் வெயிலுமுத்து வாய் திறந்து, அருவி விழுகிறாற்போலப் பேசத் தொடங்கியபோது அவன் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். டிவியை அணைத்த பிறகும் குரல் நிற்கவில்லை என்றபோது எழுந்து வெளியே போனான். வெளியிலும் அதே குரல்தான்.

ஊரோ மெல்ல மெல்ல அந்தக் குரலுக்காக முகம் கழுவத் தொடங்கியது. ரேஷன் கடைக்குப் போகிற பெண்கள் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் கண்மாய்க்கரைப் பக்கம் ஒதுங்குவதை விட்டுவிட்டு வீட்டில் கக்கூஸ் கட்டினார்கள். அரசாங்கம் எத்தனையோ வருஷம் சொல்லியும் நடக்காதது அது. புஞ்சைக்காட்டு எல்லைக்கல் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பியில், அண்ணன்காரன் ஒருநாள் விடியக்கருக்கலில் கல்லை நகர்த்தியபோது, "மிகுந்த பொறுமையோடு கல்லை நகர்த்துகிறார், ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது, அடடா, முதுகு பிடித்துக்கொண்டதோ?" என்று குரல் உண்மையான கவலையோடு கேட்டது. தம்பி புஞ்சைக்கு ஓடி வந்தான், அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், தம்பி தைலம் வாங்கி வந்தான். கல் பழைய இடத்துக்குப் போனது.

குரல் யாரையும் திட்டவில்லை. பெரிய வீடு, சின்ன வீடு என்று பார்க்கவில்லை. ஒருத்தி குழம்பு தாளிப்பதை ஒலிம்பிக் ஆட்டம்போலச் சொன்னது. கீழத்தெரு மூத்தவர் ஒருவர் கயிற்றுக்கட்டிலில் கடைசி மூச்சை விட்டபோது, "நீண்ட ஆட்டம் ஆடிய வீரர் களத்தை விட்டு வெளியேறுகிறார், பார்வையாளர்கள் எழுந்து நிற்கிறார்கள்" என்று அது தழுதழுத்த குரலில் சொல்ல, ஊர் முழுக்க அவரவர் இருந்த இடத்தில் எழுந்து நின்றார்கள். தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். சாவு அறிவிக்க அந்த வீட்டிலிருந்து யாரும் குருபாதத்தின் மைக்செட்டைத் தேடி வரவில்லை. எல்லோருக்கும்தான் தெரிந்துவிட்டதே.

இத்தனை நல்லது நடந்தும் ஊரில் நிம்மதி இல்லை. ஏனென்றால் குரல் எப்போதும் பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. உலகம்மாளின் இட்லியை அது ஒரு வார்த்தை புகழ்ந்தால், எதிர்க்கடைக்காரியின் வடையை மூன்று வார்த்தை புகழ்ந்ததாக உலகம்மாளுக்குப் பட்டது. எதிர்க்கடைக்காரிக்கோ இட்லிக்குத்தான் கூடுதலாகக் கிடைத்ததாகப் பட்டது. மருமகளை முதலில் சொல்லிவிட்டது என்று ஒரு மாமியார் மூன்று வேளை பட்டினி கிடந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், 'வர்ணனையில் நல்லா வார பொண்ணா?' என்று தனியாக விசாரித்தார்கள். தெருவில் யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்தால்கூட, இவள் குரலுக்குக் கேட்கட்டும் என்றுதான் சிரிக்கிறாள் என்று மூன்றாமவள் உதட்டைச் சுழித்தாள். ஊரில் பொறாமை என்பது காய்ச்சல்போல வீட்டுக்கு வீடு தாவியது. ஆனால் அவர்களுடைய பொறாமையெல்லாம் கூடக் குறைய வாங்கியவர்களின் பொறாமை. ஒன்றுமே வாங்காதவனின் பொறாமை எப்படி இருக்கும் என்று குருபாதத்துக்குத்தான் தெரியும்.

அவன் பெயரைக் குரல் ஒருநாளும் சொல்லவில்லை. முதலில் அவன் அதைக் கவனிக்காததுபோல இருந்தான். பிறகு, சொல்லட்டுமே பார்க்கலாம் என்று வீம்பாகக் காத்திருந்தான். பிறகு சொல்ல வைக்க முயன்றான். நாற்சந்தியில் நின்று சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினான். குரல், பக்கத்தில் நின்ற மாட்டைப் பற்றிப் பேசியது. கிணற்றில் குதித்தான். குரல், கிணற்றுத் தண்ணீர் கலங்குகிறது என்று மட்டும் சொன்னது. ஒருநாள் அவனும் செண்பகவள்ளியும் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் வழக்கம்போல வெயிலுமுத்துவைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தான். அவன் தோளுக்கும் அவள் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அப்போது குரல் ஊருக்கே கேட்கச் சொன்னது:

"செண்பகவள்ளி சந்தையிலிருந்து தனியாக நடந்து வருகிறார். மயில்கழுத்து நிறச் சேலை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருக்கிறார். களைப்புத்தான், ஆனால் அந்த நடையைப் பாருங்கள்!"

"தனியாவாம்ல! நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று குருபாதம் நடுத்தெருவில் கத்தினான். செண்பகவள்ளி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

குரலில் வராதவனைக் கணக்கில் வைக்காத பழக்கம் ஊருக்கு வந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காப்பிக் கடையில் வரிசையாக டம்ளர் வைத்துக்கொண்டு வந்த உலகம்மாள் அவனைத் தாண்டிப் போய்விடுவாள். முடிவெட்டுகிறவர் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். கல்யாணத்துக்கு மைக்செட் சொல்ல வருகிறவர்கள் அவன் வாசலோடு போய், யாருமில்லை என்று திரும்பினார்கள்.

கடைசியில் அவன் ஒரு சரக்கு ஆட்டோவின் மேல் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டினான். குரல் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அங்கே ஆட்டோவை நிறுத்தி, அது மரியாதைக்கு விட்டுவைத்ததையெல்லாம் மைக்கில் சொல்லத் தொடங்கினான். "உலகம்மாள் அன்போடு காப்பி ஆற்றுகிறார்" என்று குரல் சொன்னால், "பாலுல பாதி தண்ணி!" என்று குருபாதம் சொன்னான். "ஊராட்சித் தலைவர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுகிறார்" என்றால், "போன வருசம் போட்ட கூரைய அண்ணாந்து பாருங்கய்யா, வானம் தெரியுது!" என்றான். சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மூன்றாம் தெரு தாண்டும்போது கல் விழுந்தது. ஐந்தாம் தெருவில் ஆட்டோ டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். உலகம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து ஆட்டோ முன்னால் நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஊரில் ஒருத்தர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏ குருபாதம். நீ சொல்லுதது நெசந்தான். பாலுல தண்ணி ஊத்தத்தான் செய்யுதேன். நீ கண்டுபிடிச்சிட்டே, கெட்டிக்காரன்."

"அப்புறம் எதுக்குக் கல்லெறியுதிய?"

"அந்தக் கொரலு எங்கமேல ஆசையாப் பேசுதுய்யா. நீயும் முந்தியெல்லாம் அப்படித்தான் பேசுவே. மே மாசம் ஊருல நடக்குத ஹாக்கிப் போட்டியில, தோத்துப்போன பயல்களப் பத்திக்கூட நீ மைக்குல பேசுனா அவனுவ நெஞ்ச நிமித்திட்டுப் போவானுவ. இப்ப ஒன் வாயத் தொறந்தா எரியுது. போ, போய் ஒன் பேரைச் சொல்லாததுக்குக் காரணம் என்னன்னு வெயிலுமுத்துகிட்டயே கேளு. எங்கள விடு."

குருபாதம் அன்றைக்கே ரயிலேறினான்.

பம்பாயில், பெரிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில், கோட்டுப் போட்டு முகத்தில் பவுடர் அப்பிய வெயிலுமுத்து அவனைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையத்தைப் பவுடர் மறைக்கவில்லை. கூட்டிப்போய் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தான். சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் ஒரு திரை, ஒரு மைக், பக்கத்தில் இன்னொரு நாற்காலி. ஆட்டம் எங்கேயோ வேறு தேசத்தில் நடக்கும், வெயிலுமுத்து இங்கிருந்தபடியே திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ஊரு பூராவும் பேசுத. ஆடு, மாடு, கிணத்துத் தண்ணி, எல்லாத்தையும் பேசுத. என் பேரைச் சொன்னா ஒன் நாக்கு வெந்துருமால?" என்றான் குருபாதம். ரயிலில் மூன்று மாநிலம் தாண்டும்வரை ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி அது.

வெயிலுமுத்து திகைத்துப் பார்த்தான். "எந்த ஊருல? நான் மேட்சுதான் மாப்ள பேசுதேன்."

குருபாதம் நடந்ததைச் சொன்னான். வெயிலுமுத்து ஆச்சரியப்படவில்லை. பஞ்சுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"நான் பேசலடே" என்றான். "மைக்கு முன்னால உக்காந்தா எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும். மொத நாளு ஓடிப்போயிரலாம்னுதான் பாத்தேன். அப்ப எடது பக்கத்துல நீ பேசுன. நம்ம பொட்டல்ல பேசுவியே, அதே மாதிரி. நீ சொல்லுதத நான் நல்ல தமிழ்ல திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் ஓடுது."

"பொய் சொல்லாத."

"பைனல்லயும் நீதாம்ல சொன்ன, 'வலது மூல காலியாக் கெடக்கு'ன்னு. அடிச்சேன். விழுந்துச்சு."

வெயிலுமுத்து விடவில்லை. ஒருவேளை அவன் வாழ்க்கையிலேயே தானாகப் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"ஒனக்குத்தான் பொறாமைன்னு நெனச்சியா? நான் அடிச்ச கோல எங்கம்மா ஒன் வாயாலதான் கேட்டா. சாகுத வரைக்கும் அந்தக் கோலப் பத்தி யாரு கேட்டாலும், நீ மைக்குல சொன்ன மாதிரியே ஏத்தி எறக்கிச் சொல்லுவா. நான் போய் உக்காந்து, அம்மா நான்தாம்மா அடிச்சேன், இப்படித்தான் அடிச்சேன்னு சொல்ல ஆரம்பிச்சா, ரெண்டு வார்த்தைக்கு மேல எனக்கு வராது. 'போலே, குருபாதம் நல்லாச் சொல்லுவான், அவனக் கூப்பிடு'ம்பா. பதக்கத்த நெஞ்சுல தொங்கவிட்டுட்டு ஒன்னய நெனச்சுப் பொறாமப்பட்டுட்டுக் கெடந்திருக்கேன். பேரு சொல்லலன்னு கேக்குத. சொல்லுதவன் தன் பேரை எப்படிலே சொல்லுவான்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தயாரிப்பாளர் அம்மா கையைக் காட்டினாள். ஆட்டம் தொடங்கப் போகிறது. குருபாதம் எழுந்திருக்கப் பார்த்தான். வெயிலுமுத்து அவன் சட்டையைப் பிடித்து, இடது பக்க நாற்காலியில் உட்கார வைத்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் பச்சை மைதானம் விரிந்தது. நடுவர் விசில் ஊதினார். பந்து நகர்ந்தது. வெயிலுமுத்து வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

அவன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். இதுவரை காதுக்குள் கேட்டது இப்போது ஆளாகவே பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. குருபாதம் அவன் முகத்தையே பார்த்தான். நெற்றி வேர்த்துப் பவுடர் கரைந்து, கோட்டுக் காலரில் வெள்ளையாக வழிந்தது. கண்ணாடிக்கு வெளியே தயாரிப்பாளர் அம்மா இரண்டு கையையும் ஆட்டினாள். தமிழ் பேசுகிற வீடுகளிலெல்லாம் இந்நேரம் டிவியைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்த மௌனம் குருபாதத்துக்குக் கருப்பட்டி மாதிரி இனித்தது. மாலையும் யானையும் ஊர்வலமும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவதுபோல இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வெயிலுமுத்துவும் தன்னைப்போல ரயிலேறி வந்துவிடுவான். பிறகு ஊரில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

திரையில் நம் பக்கத்து நடுக்கள ஆட்டக்காரன், ஒல்லியான ஒரு பையன், பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். எதிராளிகள் மூன்று பேர் அவனைச் சூழ்ந்தார்கள். இடது பக்கம் ஒருத்தன் தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பையன் அவனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள்ளேயே முட்டினான். குருபாதத்தின் கெட்டுப்போன முழங்கால் தானாகத் துடித்தது. அவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். பற்களைக் கடித்தான். இடது பக்கத்தில் நின்றவன் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டே ஓடினான், யாரும் பார்க்காத ஆள், காலியான புல்வெளியில், பந்துக்காக.

"ஏல, எடது பக்கம் பாரு! ஆளு சும்மா நிக்கான், அவன்ட்ட குடுல!"

அது அப்படியே ஒளிபரப்பில் போய்விட்டது. தயாரிப்பாளர் அம்மா தலையில் கைவைத்தாள். ஆனால் வெயிலுமுத்து தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன்போல மூச்சை இழுத்து, "இடது பக்கம் தடுக்க ஆளில்லாமல் நிற்கிறார் வீரர், அவரிடம் தர வேண்டும், தர வேண்டும், இதோ தந்துவிட்டார்!" என்றான். குருபாதம் தனக்கு வசப்பட்ட ஊர்த் தமிழில் அடுத்ததைச் சொன்னான். வெயிலுமுத்து செந்தமிழில் அதற்கடுத்ததைச் சொன்னான். பொட்டலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியதுபோலப் பேச்சைத் தட்டிக்கொண்டு அந்த ஆட்டம் முழுக்க ஓடினார்கள். நம் அணி தோற்றது. அப்படியும் தமிழ்நாட்டில் யாரும் டிவியை அணைக்கவில்லை.

விளக்கு அணைந்ததும் வெயிலுமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "இங்கேயே இருந்துரு மாப்ள. அந்த அம்மாட்ட நான் பேசுதேன்."

குருபாதத்துக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், காலமெல்லாம் வெயிலுமுத்துவுக்கு இடது பக்கம்தான் உட்கார வேண்டும் என்றும் அவனுக்குத் தெரிந்தது.

"வேண்டாம்ல. நான் எங்க பேசினாலும் நீ நடுவுலதான் இருப்ப. எனக்கு அது ஆகாது, திரும்பியும் வயிறு எரியும். நீயே பேசு. திக்குனா திக்கட்டும், ரெண்டு வார்த்தை வந்தா ரெண்டு வார்த்தை பேசு. நெசமாவே பைனல் ஆடுனவன் நீ. என்னயத் தேடாத."

வெயிலுமுத்து அதன்பின் அப்படித்தான் பேசினான். பந்து ஓடும்போது சும்மா இருப்பான். யாரும் எதிர்பாராத இடத்தில் "இப்போ" என்பான். அந்த 'இப்போ'வுக்கு அடுத்த நொடி கோல் விழும். சிலர் இதென்ன வர்ணனை என்று திட்டினார்கள், சிலர் இதுதான் வர்ணனை என்றார்கள். வேலை போகவில்லை.

உப்போடையிலோ, அந்த ஆட்டம் நடந்த சாயங்காலமே குரல் நின்றுபோயிருந்தது. மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் நல்ல சேலையும் சலவைச் சட்டையுமாக வாசலில் வந்து நின்று வெகுநேரம் காத்திருந்தார்கள். காக்கை கரைந்தது. யாரோ இருமினார்கள். உலகம்மாள் இடுப்பால் பலகையைத் தள்ளித் திறந்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு எதிர்க்கடைக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வடையில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "நல்லாத்தாம்டி இருக்கு" என்றாள். எதிர்க்கடைக்காரி அழுதுவிட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி நடந்துவிடவில்லை. மாமியார்கள் மாமியார்களாகவே இருந்தார்கள். கண்மாய்க்கரைப் பக்கம் சிலர் மறுபடி ஒதுங்கத் தொடங்கினார்கள்.

குருபாதம் ரயிலை விட்டு இறங்கியபோது செண்பகவள்ளி நடைமேடையில் நின்றாள். தீப்பெட்டி ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஊரே அவன்மேல் கோபமாக இருக்கிறது, குரலை அவன்தான் போய்க் கெடுத்தான் என்கிறார்கள் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. ரெண்டு பேரும் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கரிசல் பாதையில் நடந்தார்கள். அவன் பம்பாயில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அவன் பேசலையாம். அது என் கொரலாம். என்னத்தச் சொல்ல, நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் செண்பகவள்ளி.

அவன் நின்றுவிட்டான். "எப்பத் தெரியும்?"

"மொத நாளே. உலகம்மா மதினி கடையச் சாத்துனப்பவே. சட்டை வேற போட்டுட்டு வந்தா, ஆளு மாறிருமா? வெயிலு அண்ணனுக்கு மேலத்தெருவுல பலக முரண்டு பிடிக்கும்னு எப்படித் தெரியும்? நீங்கதான தெனமும் அங்க காப்பி குடிக்கிய."

"சொல்லிருக்கலாம்லா செண்பகம்? நான் கெடந்து வெந்துட்டுக் கெடந்தனே!"

"சொன்னா நிறுத்திருப்பீங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் நடந்துகொண்டே, அவன் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "கல்யாணமாகி வந்த நாள்லருந்து உங்க வாயில வெயிலுமுத்து, வெயிலுமுத்து. வெயிலுமுத்து என்ன சாப்பிட்டான், எங்க நின்னான், எப்படி அடிச்சான். எனக்கும் பொறாமை இருக்காதா? அந்த அண்ணனுக்குப் பாதி என்னய நீங்க பாத்திருந்தா போதுமே. சந்தையிலருந்து தனியா நடந்து வாரேன்னு ஊரெல்லாம் கேக்கச் சொன்னுச்சே, அது நெசந்தானங்க? பக்கத்துலதான் வந்தீங்க. ஆனா கூடவா வந்தீங்க? அந்தச் சேல மயில்கழுத்து நிறம்னு அந்தக் கொரலுக்குத்தான் தெரிஞ்சுது."

அவன் பேசாமல் நடந்ததைச் செண்பகவள்ளி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வெகுதூரம் நடந்த பிறகு, பருத்திக்காட்டு ஓரத்தில், அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்ததும் வயிற்றில் பழைய இடத்திலேயே சுருக்கென்று பிடித்தது.

"நான் பம்பாய் போனப்புறமும் அது பேசுச்சா?"

"பேசுச்சு. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும்."

"ஊரு பூராவுக்குமா?"

"ஊருக்கும் பேசுச்சு. நான் அடுப்படியில தனியா இருக்கும்போது, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி மெதுவாவும் பேசுச்சு."

"அப்ப மட்டும் பக்கத்து வீட்டுலருந்து வரலயா?"

"இல்ல. இங்கனக்குள்ளதான்" என்று அவள் தன் தோளுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள்.

"என்ன பேசுச்சு?"

செண்பகவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"ஏ செண்பகம், என்ன பேசுச்சுன்னு கேக்கேன்லா?"

"சொல்ல மாட்டேன், போங்க."

அவன் காலை இழுத்து இழுத்து, அவளைப் பிடிக்க ஓடினான்.